தலை திரும்பக் காட்சி திரும்பும்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் பழமொழி. சிரசு ஏன் பிரதானம் என்று கேட்டால், மூளை அங்கே இருப்பதனால் என்பர் சிலர். வாய் அங்கே இருப்பதனால் என்று வேடிக்கையாகச் சொல்வாரும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கு அவ்விரண்டும் வேண்டியதில்லை. தலை நம் கண்களைத் தாங்கியிருக்கிறது. கழுத்தின் மேல் சுழன்று அக்கண்களை வேண்டிய திசைக்குக் கொண்டு செல்கிறது. இந்த எளிய உண்மை ஒன்றே போதும்.

நம் இரு கண்களும் சேர்ந்து ஏறக்குறைய 200 டிகிரி அகலமுள்ள உலகை ஒரே சமயத்தில் உணர்கின்றன. ஆயினும் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது. அந்தச் சிறு பகுதியை இங்கும் அங்கும் ஓடவிட்டே நாம் உலகத்தைப் பார்த்து முடிக்கிறோம். முதலில் கண் ஓடுகிறது. கண் எட்டாத இடத்துக்குத் தலை உடன் செல்கிறது. தலையும் எட்டாவிட்டால் தோளும் இடுப்பும் திரும்புகின்றன. தெருவைக் கடக்கும் சிறுவன் முதல் தேரோட்டத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் காவலர் வரை, எல்லோரும் நாள் முழுவதும் இதைச் செய்கிறார்கள். செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல் செய்கிறார்கள்.

விமானம் ஓட்டுபவனுக்கு இந்தப் பழக்கம் உயிர் காக்கும் பழக்கமாகும். சிறிய விமானம் ஒன்று தரை இறங்க வரும் முறையை எண்ணிப் பாருங்கள். விமானி நேராக வந்து ஓடுபாதையில் இறங்கிவிடுவதில்லை. வழக்கமாகத் தரைக்கு 1,000 அடி உயரத்தில், ஓடுபாதைக்கு இணையாக, அதற்கு எதிர்த்திசையில் சிறிது தூரம் பறந்து செல்கிறான். ஓடுபாதை அவனுக்கு இடப்புறத்தில், இறக்கை நுனிக்கு அப்பால் தெரிகிறது. அதன் தொடக்க முனையைத் தாண்டிய பிறகும் மேலே செல்கிறான். அந்த முனை தன் இடத் தோளுக்குப் பின்னால், 45 டிகிரி சாய்வில் தெரியும்போது இடப்பக்கம் திரும்புகிறான். பிறகு மீண்டும் ஒருமுறை திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வந்து சேர்கிறான். தோளுக்குப் பின்னால் 45 டிகிரி என்றால், விமானத்தின் மூக்கிலிருந்து கணக்கிட 135 டிகிரி ஆகிறது. அத்தனை தூரம் திரும்பிப் பார்க்க முடியாதவன் எப்போது திரும்புவது என்பதை ஊகத்தினால் செய்ய வேண்டியவனாகிறான்.

பார்ப்பது தவறினால் விளைவது என்ன என்பதற்கு ஒரு பெருந்துயரம் சான்றாக இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள் காலையில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து இரண்டு பெரிய பயணி விமானங்கள் மூன்று நிமிஷ இடைவெளியில் புறப்பட்டன. இரண்டும் கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் மேல் 21,000 அடி உயரத்தில், ஒன்றன் வழியில் ஒன்று குறுக்கிட்டு மோதின. இருந்தவர் 128 பேரும் மாண்டனர். அந்த வானத்தில் ஒவ்வொரு விமானியும் தன் கண்ணால் பார்த்துப் பிறரை விலகிச் செல்ல வேண்டும் என்பதே அக்கால ஏற்பாடு. விமானிகள் ஒருவரையொருவர் உரிய நேரத்தில் காணவில்லை என்பதே விசாரணையின் முடிவாயிற்று. ஏன் காணவில்லை என்பதற்கு, இடையே மேகம் இருந்திருக்கலாம், விமானி அறையின் சாளரங்கள் பார்வையைக் குறுக்கியிருக்கலாம் என்பன போன்ற காரணங்களையும் அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். இதன்பின் 1958-இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கப் புதிய அமைப்பொன்று சட்டத்தினால் ஏற்பட்டது. விமானிக்குப் பார்வை எவ்வளவு முக்கியம் என்பதை அறிய இதற்கு மேல் சான்று வேண்டுவதில்லை.

இனி, தரையில் இருந்தபடியே விமானம் ஓட்டப் பழகும் கருவிக்கு வருவோம். இதைச் சிமுலேட்டர் என்று அழைக்கிறார்கள். பாவனை விமானம் என்று நாம் சொல்லலாம். இதன் வரலாற்றில் முதலில் நிற்கும் பெயர்களுள் ஒன்று எட்வின் லிங்க் என்பது. அமெரிக்காவின் பிங்ஹாம்ட்டன் என்னும் ஊரில் அவருடைய தந்தைக்குப் பியானோவும் ஆர்கன் வாத்தியமும் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. ஆர்கனுக்குக் காற்று ஊட்டும் துருத்திகளைக் கொண்டே, 1929-இல், இருந்த இடத்தில் சாய்ந்தும் திரும்பியும் ஆடும் சிறு விமானப் பெட்டி ஒன்றை அவர் செய்தார். முதலில் அதை வாங்கியவர்களில் கேளிக்கைப் பூங்கா நடத்துபவர்கள் இருந்தார்கள். குழந்தைகள் காசு கொடுத்து ஏறி ஆடும் பொம்மையாக அது நின்றது. 1934-இல் அமெரிக்க இராணுவம் விமானத் தபாலை ஏற்று நடத்தியபோது, மோசமான பருவநிலையில் இளம் விமானிகள் பலர் சில வாரங்களுக்குள் உயிரிழந்தனர். அப்போதுதான் இராணுவத்தார் லிங்கின் பெட்டியை நாடினார்கள். முதலில் ஆறு வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவுக்குள் அப்பெட்டிகள் பத்தாயிரத்துக்கு மேல் பெருகி, ஆயிரமாயிரம் விமானிகளைப் பழக்கிவிட்டன.

அந்தப் பெட்டியில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பயிற்சியின்போது மேலே மூடியைக் கவிழ்த்து விடுவார்கள். உள்ளே இருப்பவனுக்கு வெளியுலகம் தெரியாது. கருவிப் பலகையில் உள்ள முட்களைப் பார்த்தே அவன் ஓட்ட வேண்டும். மேகத்திலும் இருளிலும் பறக்க அந்தப் பயிற்சி போதுமானது. ஆனால் வெளியே பார்த்து ஓட்டும் வித்தையை அது கற்பிக்கவில்லை. கற்பிப்பதாகச் சொல்லவும் இல்லை.

வெளியுலகக் காட்சியைச் சாமானியரின் வீட்டுக்குக் கொண்டு வந்தது கணிப்பொறி. புரூஸ் ஆர்ட்விக் என்ற அமெரிக்கர் 1980-ஆம் ஆண்டை ஒட்டி, வீட்டுக் கணிப்பொறியில் ஓடும் பாவனை விமானம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1982-இல் அவருடைய ஆக்கமே மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பெயரில் வெளியாகிப் புகழ் பெற்றது. சில கோடுகளால் மலையையும், சில புள்ளிகளால் நகரத்தையும் காட்டிய அந்தத் திரை, இன்று மேகத்தின் நிழலையும் வயலின் வரப்பையும் காட்டும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. ஃபிளைட்கியர் என்பது போல, 1997 முதல் பலர் கூடி உருவாக்கி, யாரும் விலையின்றி எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கும் பாவனை விமானமும் உண்டு.

காட்சி அழகாகிவிட்டது, அகலமாகவில்லை. 24 அங்குலத் திரை ஒன்றை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கிறோம் என்று கொள்ளுங்கள். அது நம் கண்ணில் அடைக்கும் கோணம் ஏறக்குறைய 48 டிகிரி. நடுவிலிருந்து பக்கத்துக்கு 24 டிகிரி. ஓடுபாதை முனையைக் காண 135 டிகிரி வேண்டும் என்று பார்த்தோம். வண்டிக் குதிரைக்குக் கண்ணின் இருபுறமும் தோல் மறைப்புக் கட்டுவார்கள் அல்லவா? திரையின் முன் அமர்ந்த விமானியின் நிலையும் அதுதான். வண்டிக் குதிரைக்கு அது நல்லது, விமானிக்கு நல்லதன்று.

இதற்கு முதலில் கண்ட பரிகாரம் விசைகளே. விசைப்பலகையில் ஓர் எண்ணை அழுத்தினால் இடப்புறச் சாளரம் தெரியும்; வேறோர் எண்ணை அழுத்தினால் பின்புறம் தெரியும். ஜாய்ஸ்டிக்கின் உச்சியில் கட்டைவிரலால் தள்ளும் சிறு குமிழ் ஒன்றையும் வைத்தார்கள். இவை உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் விமானத்தை ஓட்ட வேண்டிய கை, பார்க்கும் வேலையையும் செய்ய வேண்டியதாயிற்று. அன்றியும், காட்சி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியதால், எத்திசையில் எவ்வளவு திரும்பினோம் என்ற உணர்ச்சி தவறிப்போயிற்று. கழுத்து தானாகச் செய்யும் வேலையை விரலுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால், தலை திரும்புவதைக் கணிப்பொறியே கண்டுகொண்டு காட்சியைத் திருப்பினால் என்ன? இந்த எண்ணம் புதிதன்று. 1968-இல் ஐவன் சதர்லண்ட் என்னும் அறிஞர் தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். மேற்கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கை ஒன்று அணிந்தவரின் தலையசைவை அளந்தது. அதற்கேற்பக் கண்முன் தெரிந்த கோட்டுருவம் மாறியது. பின்னாளில் போர் விமானங்களிலும் இம்முறை புகுந்தது. அப்பாச்சி என்னும் ஹெலிகாப்டரில், விமானி தலையைத் திருப்பும் பக்கம் இரவுக் காமிராவும் துப்பாக்கியும் திரும்பும்படி அமைத்தார்கள். இவையெல்லாம் அரசாங்கங்களின் பணத்தால் ஆன காரியங்கள். 2001-இல் டிராக்ஐஆர் என்ற கருவி கடைக்கு வந்தது. தொப்பியில் ஒளியைத் திருப்பும் சிறு பொட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். திரையின் மேல் உள்ள காமிரா, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, பொட்டின் அசைவைப் படிக்கும். நல்ல கருவிதான். எனினும் அதற்கெனத் தனியே பணம் செலவிட வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சாதாரணக் காமிராவைக் கொண்டே இதைச் செய்ய முடியாதா என்று சிலர் எண்ணினார்கள். கணிப்பொறியோடு இணைந்த வெப் காமிராவின் கதையும் சுவையானது. 1991-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள், காப்பிப் பாத்திரத்தில் காப்பி மிஞ்சியிருக்கிறதா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிய அதன் முன் ஒரு காமிராவை நிறுத்தினார்கள். 1993-இல் அந்தப் படம் இணையத்தில் ஏறி உலகமெங்கும் தெரிந்தது. 2001-இல் அதை நிறுத்தினார்கள். வீட்டுக்கென்று குறைந்த விலையில் விற்கப்பட்ட முதல் காமிரா 1994-இல் வெளியான குவிக்காம். அதற்குக் கறுப்பு முதல் வெள்ளை வரை 16 சாயல்களே தெரியும். அதன் சந்ததிதான் இன்று ஒவ்வொரு மடிக்கணினியின் நெற்றியிலும் மிளகளவு துளையாக உட்கார்ந்திருக்கிறது. காப்பியைக் காவல் காத்த அதே இனம், விமானியின் தலையைப் பார்த்துக்கொள்ளவும் பழகிவிட்டது.

காமிராவுக்குத் தெரிவது தட்டையான படம். அதிலிருந்து தலையின் நிலையை எப்படி அறிவது? ஒரு தலை ஆறு விதமாக அசையலாம். இடவலமாகத் திரும்பலாம், நிமிர்ந்து குனியலாம், தோளை நோக்கிச் சாயலாம். இவை மூன்று. தலை முழுவதுமாக முன்பின் நகரலாம், பக்கவாட்டில் நகரலாம், மேலும் கீழும் நகரலாம். இவை மற்ற மூன்று. ஆகவே கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் ஆறு.

தொப்பியில் மூன்று சிறு விளக்குகளை முக்கோணமாகப் பொருத்தியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவற்றுக்கிடையே உள்ள தூரம் நமக்குத் தெரியும். தலை காமிராவை நெருங்கினால் படத்தில் முக்கோணம் பெரிதாகிறது, விலகினால் சிறுக்கிறது. பக்கவாட்டில் திரும்பினால் அகலம் குறைந்து உயரம் அப்படியே நிற்கிறது. தோளை நோக்கிச் சாய்ந்தால் முக்கோணமும் சாய்கிறது. ஒவ்வொரு விளக்கும் படத்தில் இரண்டு அளவுகளைத் தருகிறது: இடமிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு. மூன்று விளக்குகளுக்கு ஆறு அளவுகள். தெரியாத எண்கள் ஆறு. தெரிந்த அளவுகள் ஆறு. கணக்கு தீர்ந்துவிடும்போல் தோன்றுகிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஜெர்மானியக் கணித அறிஞர் குரூனர்ட் 1841-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கணக்கை ஆராய்ந்தவர். மூன்று புள்ளிகளைக் கொண்டு தீர்த்தால், பொருந்தக்கூடிய விடைகள் நான்கு வரை வரலாம். மெய்யான தலை ஒன்றுதானே? எனவே, ஒரு கணத்துக்கு முன் தலை எங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்து, அதற்கு அடுத்து வரத்தக்க விடையைத் தெரிந்தெடுக்க வேண்டும். அல்லது நான்காவது புள்ளி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழைய நில அளவைக் கணக்கு, இன்று விளையாட்டு விமானத்துக்குப் பயன்படுகிறது. நல்ல கணக்கு வீண்போவதில்லை.

விளக்கும் பொட்டும் இல்லாமல் முகத்தையே அடையாளமாகக் கொள்ளும் முறையும் இருக்கிறது. முகத்தில் எது எங்கே என்று கணிப்பொறிக்குத் தெரிய வேண்டும். 2001-இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இருவர் வேகமான வழியொன்றைக் கண்டார்கள். கண்கள் இருக்கும் பட்டை, கன்னங்கள் இருக்கும் பட்டையைவிடச் சற்று இருண்டிருக்கும். மூக்குத் தண்டு இருபக்கக் கண்களைவிட வெளிச்சமாயிருக்கும். இப்படிப்பட்ட எளிய ஒப்பீடுகளைச் சல்லடை போல் அடுக்கடுக்காக வைத்து, முகமல்லாதவற்றை விரைவில் கழித்துவிட்டு, எஞ்சியதை முகம் எனக் கொண்டார்கள். இன்று ஆயிரக்கணக்கான முகப்படங்களைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலை நிரல்கள், புருவம், கண்ணின் முனை, மூக்கு நுனி, உதட்டோரம் எனப் பல புள்ளிகளை ஒவ்வொரு படத்திலும் குறித்துக் கொடுக்கின்றன. அவற்றைக் கொண்டு அதே கணக்கைப் போட்டால் ஆறு எண்கள் கிடைத்துவிடுகின்றன. ஓப்பன்டிராக் என்னும் நிரல், விலையின்றிக் கிடைப்பது; விளக்கு முறை, முக முறை இரண்டையும் கையாள வல்லது. அது தரும் எண்களைப் பாவனை விமானம் வாங்கிக்கொண்டு காட்சியைத் திருப்புகிறது.

இங்கே நேயர்களில் யாரேனும் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். “தலையை இடப்புறம் முழுதும் திருப்பிவிட்டால், முன்னால் இருக்கும் திரை எப்படித் தெரியும்?” உண்மைதான். இந்த வித்தையின் சாரமே இதற்குச் சொல்லும் விடையில் இருக்கிறது. தலை திரும்பும் அளவைப் பெருக்கிக் காட்டுகிறார்கள். தலை 20 டிகிரி திரும்பினால் காட்சி 120 டிகிரிக்கு மேல் திரும்பும்படி அமைத்துக்கொள்ளலாம். தலை இடப்புறம் சிறிது திரும்புகிறது. கண்கள் அதே அளவு வலப்புறம் ஒதுங்கித் திரையை விடாமல் பற்றி நிற்கின்றன. கண்ணுக்கு இது புதிய பாடம் அன்று. நடக்கும்போதும் ஓடும்போதும் தலை ஆட, பார்வை ஆடாமல் நிற்பது எப்படி? உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு தலையின் சுழற்சியை உணர்ந்து, கண்களை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறது. பிறவியிலேயே அமைந்த இந்த ஏற்பாடு இருப்பதனால்தான், திரைமுன் அமர்ந்தவர் பெரிய சிரமமின்றி இதில் பழகிக்கொள்கிறார்.

எல்லா இடத்திலும் ஒரே அளவில் பெருக்குவதும் கூடாது. நேராகப் பார்த்துக் கருவிகளின் முட்களைப் படிக்கும்போது, மூச்சு விடும் அசைவுக்கெல்லாம் காட்சி ஆடினால் பொறுக்க முடியாது. ஆகையால் நடுவில் சிறிது தூரம் வரை தலை அசைந்தாலும் காட்சி அசையாதபடி வைத்து, அதன்பின் மெல்ல ஏறி, ஓரத்துக்குப் போகப் போக வேகமாக ஏறும் வளைகோடு ஒன்றை வரைந்துகொள்கிறார்கள். அந்த வளைகோட்டை ஒவ்வொருவரும் தத்தம் கழுத்துக்கும் திரைக்கும் ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போன்ற வேலை இது.

பெருக்கத்தோடு ஓர் ஆபத்தும் வருகிறது. நன்மையைப் பெருக்கும் கருவி பிழையையும் பெருக்கும். சிறு கணக்கு ஒன்று பாருங்கள். படத்தின் அகலம் 640 புள்ளிகள்; காமிரா 60 டிகிரி அகலம் பார்க்கிறது; தலை 60 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. அவ்விடத்தில் படத்தின் ஒரு புள்ளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆகும். மூக்கு நுனி சுழலும் அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருப்பதாகக் கொண்டால், தலை 1 டிகிரி திரும்பும்போது மூக்கு நுனி நகர்வது 1.7 மில்லிமீட்டர்தான். எனவே காமிரா ஒரு புள்ளி தவறினால், தலை அரை டிகிரிக்குச் சற்று மேல் திரும்பியதாகத் தோன்றும். அதை ஆறு மடங்கு பெருக்கினால், திரையில் காட்சி 3 டிகிரிக்கு மேல் துள்ளும். சும்மா உட்கார்ந்திருப்பவரின் விமானம் நடுங்கத் தொடங்கிவிடும்.

இந்த நடுக்கத்தைப் போக்கப் பல படங்களின் அளவுகளைச் சேர்த்துச் சராசரி காண்கிறார்கள். பல முகப் புள்ளிகளைச் சேர்த்துக் கணக்கிடுவதும் உதவுகிறது. ஆனால் படங்களின் சராசரி என்றால் காத்திருத்தல் என்று பொருள். காமிரா வினாடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிவினாடி. பத்துப் படம் காத்திருந்தால் வினாடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. தலை திரும்பிய பிறகு காட்சி சோம்பலாகப் பின்தொடர்ந்தால், வயிற்றைக் குமட்டும். நடுக்கமும் கூடாது, தாமதமும் கூடாது, ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடுகிறது. 2012-இல் ‘ஒரு யூரோ வடிகட்டி’ என்ற வேடிக்கையான பெயருடன் எளிய முறை ஒன்றைச் சில ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். தலை மெல்ல அசையும்போது நடுக்கமே கண்ணில் படும். ஆகவே அப்போது மிகுதியாக வடிகட்டு. தலை விரைந்து அசையும்போது தாமதமே கண்ணில் படும். ஆகவே அப்போது வடிகட்டலைத் தளர்த்து. இதுவே அதன் தத்துவம். மாட்டைப் பழக்குபவன் கயிற்றை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று அறிந்திருப்பதைப் போன்ற விவேகம் இது.

இதை வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள் சொல்லலாம். முகத்தின் மேல் ஒரே சீராக வெளிச்சம் விழ வேண்டும். முதுகுக்குப் பின்னால் சாளரம் இருந்தால் முகம் இருண்டு, காமிரா தடுமாறும். வெளிச்சம் குறைந்தால் காமிரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், படங்களின் எண்ணிக்கை குறையும், தாமதம் கூடும். மூக்குக் கண்ணாடியில் விளக்கு பளிச்சிட்டால் கண்ணைக் காண்பதில் பிழை நேரலாம். விளக்கைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். நடுநிலையை மீண்டும் குறிப்பதற்கென ஒரு விசையை ஒதுக்கிக்கொள்வது நல்லது. நெடுநேரம் அமர்ந்திருப்பவர் நாற்காலியில் சிறிது சிறிதாகச் சரிந்துவிடுவது இயற்கை.

கையால் செய்து பார்ப்பதில் விருப்பமுடையவர்கள் விளக்கு முறையைப் பின்பற்றலாம். தொலைக்காட்சியின் கைக்கருவியைப் பல கைப்பேசிக் காமிராக்களின் முன் அழுத்திப் பாருங்கள். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, படத்தில் வெண்மை அல்லது ஊதாப் பொட்டாகத் தெரியும். காமிராவின் உணர்விக்கு அந்த ஒளியைக் காணும் ஆற்றல் உண்டு. அதைத் தடுக்கவே உள்ளே ஒரு கண்ணாடி வடிகட்டி வைத்திருக்கிறார்கள். ஆர்வலர்கள் பழைய காமிரா ஒன்றைத் திறந்து, அந்த வடிகட்டியை எடுத்துவிட்டு, வெளிச்சம் பட்டுக் கறுத்த புகைப்படச் சுருளின் துண்டையோ, பழைய நெகிழ்தட்டின் கறுப்பு ஏட்டையோ அங்கே வைக்கிறார்கள். பிறகு அந்தக் காமிராவுக்கு அறை தெரியாது, முகம் தெரியாது, தொப்பியில் உள்ள மூன்று விளக்குகள் மாத்திரம் இருளில் விண்மீன்களாய்த் தெரியும். பொருள் குறைந்தால் பிழையும் குறைகிறது. குப்பைக்குப் போக இருந்த தட்டு ஒன்று விமானப் பயிற்சிக்கு உதவுவதைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது.

தலைமேல் அணியும் முழுக் காட்சிக் கவசங்கள் வந்துவிட்ட பிறகு இது எதற்கு என்று சிலர் கேட்பர். அந்தக் கவசம் அணிந்தவர் மெய்யாகவே கழுத்தைத் திருப்பிப் பார்க்கலாம், பெருக்கம் வேண்டியதில்லை, ஆழமும் புலப்படும். அவை சிறந்தவையே. ஆனால் அவை முகத்தை மூடுகின்றன; மேசைமேல் உள்ள வரைபடமும் குறிப்பேடும் தம் கைகளும் தெரிவதில்லை. கவசத்துக்கும், அதற்கு ஈடுகொடுக்கும் கணிப்பொறிக்கும் ஆகும் செலவு மிகுதி. நம் காமிராவோ ஏற்கெனவே வீட்டில் இருப்பது.

இதனால் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா என்பதே இறுதியில் நிற்கும் கேள்வி. நேர்மையாக விடை சொல்ல வேண்டும். வீட்டு மேசையில் கழித்த மணிகளைப் பொதுவாக யாரும் உரிமத்துக்குரிய பறப்பு மணிகளாக எழுதிக்கொள்வதில்லை. திரும்பும்போது உடலை இருக்கையில் அழுத்தும் பாரம் இங்கே இல்லை. காற்றின் குலுக்கல் இல்லை. தவறினால் என்ன ஆகும் என்ற அச்சமும் இல்லை. 20 டிகிரி திரும்பினால் உலகமே திரும்பிவிடும் என்று பழகிய கழுத்து, மெய்யான விமானத்தில் அந்தச் சோம்பலை மறக்க வேண்டியிருக்கும். அங்கே 135 டிகிரி பார்க்கத் தலையோடு தோளும் திரும்பியே தீர வேண்டும்.

எனினும், எப்போது எங்கே பார்க்க வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கிறதே, அதை இந்தக் கருவி கற்பிக்கும். திரும்புவதற்கு முன் திரும்பும் திசையைப் பார். கருவியைப் பார்த்த கண்ணை உடனே வெளியே எடு. ஓடுபாதை எங்கே போயிற்று என்று இடையிடையே பார். வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார். இது தசையின் பழக்கம் என்பதைவிட மனத்தின் பழக்கம். விசையை அழுத்திப் பார்ப்பவன், அழுத்துவது தொல்லையாக இருப்பதனால் பார்ப்பதையே குறைத்துக்கொள்கிறான். கருவிப் பலகையில் கண்ணை நட்டுவிடுகிறான். தலையைத் திருப்பினால் போதும் என்றிருப்பவனுக்குப் பார்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டியதில்லை. லிங்கின் பெட்டி மூடியைக் கவிழ்த்துக் கற்பித்தது. இந்த மிளகளவு காமிரா அந்த மூடியைத் திறந்து வைத்திருக்கிறது.

இன்னொரு பயனையும் சொல்லி முடிக்க விரும்புகிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், காமிராவின் முன் முகத்தை அசைத்தே கணிப்பொறியின் சுட்டியை நகர்த்தும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். 2002-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று. மூக்கு நுனி போன்ற ஒரு புள்ளியைக் காமிரா தொடர்கிறது. தலை அசையச் சுட்டியும் அசைகிறது. சுட்டியை ஓரிடத்தில் சிறிது நேரம் நிறுத்தினால் அழுத்தியதாகப் பொருள். பெருமூளை வாதத்தாலோ விபத்தாலோ கைகளை ஆள முடியாதவர்களுக்காக அது செய்யப்பட்டது. கையசைக்க முடியாத ஒரு குழந்தை, தலையை அசைத்துத் தன் பெயரை எழுத்தெழுத்தாகத் திரையில் எழுத முடிகிறது. பாவனை விமானத்தில் நடுக்கத்தைக் குறைக்கவும் தாமதத்தைத் தவிர்க்கவும் பயன்படும் அதே கணக்குகள் இங்கும் பயன்படுகின்றன.

லிங்க் செய்த பெட்டியும் பூங்காவில் பொம்மையாக நின்றதுதான். பின்னர் அதுவே உயிர் காக்கும் பள்ளிக்கூடமாயிற்று. ஆகவே, நம் வீட்டுப் பிள்ளைகள் திரைமுன் அமர்ந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பதைக் கண்டால், வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். அருகே சென்று, “எங்கே பார்க்கிறாய்? ஏன் பார்க்கிறாய்?” என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை. விமானம் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், அந்தக் கல்வி எங்கும் உதவும்.